கெட்டிலின் கழுத்து ஏன் வளைந்திருக்கிறது?

வீட்டு ஃபில்டரில் காபித்தூளைப் போட்டு, காம்பு வைத்த ஓட்டைத் தட்டால் லேசாக அமுக்கி, கொதிக்கும் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி மூடிவிடுகிறோம். அதன் பிறகு யாரும் அதன் பக்கத்தில் நிற்பதில்லை. குளித்துவிட்டு வந்தால் டிகாஷன் இறங்கியிருக்கும். தண்ணீர் எந்தப் பாத்திரத்தில் கொதித்தது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது, எத்தனை நொடியில் ஊற்றினோம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

காகிதம் விரித்த கூம்பில் வெந்நீரை ஊற்றி இறக்கும் காபிக்கு மட்டும் தராசு வருகிறது, கடிகாரம் வருகிறது, கூடவே கழுத்து மெலிந்து நீண்டு வளைந்த ஒரு கெட்டிலும் வருகிறது. அந்தக் கெட்டிலின் விலைச்சீட்டைப் பார்ப்பவருக்கு எழும் சந்தேகம் நியாயமானதுதான். தண்ணீர் ஊற்றுவதற்கா இவ்வளவு? நம் ஃபில்டருக்குத் தேவைப்படாத ஒன்று இதற்கு மட்டும் ஏன்?

தேவை உண்டு என்பதுதான் என் கட்சி. ஆனால் கெட்டில் வாங்குகிறவர்களில் பலர் அதன் தவறான பகுதிக்குப் பணம் கொடுக்கிறார்கள். காரணம் புரிய, கெட்டிலை விட்டுவிட்டுக் காபித்தூளுக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும்.

மையொற்றுத் தாளிலிருந்து

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண்மணிக்குக் கோப்பையின் அடியில் தங்கும் கசடு பிடிக்கவில்லை. பித்தளைப் பாத்திரம் ஒன்றின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டார். மகனின் பள்ளி நோட்டிலிருந்த மையொற்றுத் தாளை அதற்குள் விரித்தார். 1908-ல் அதைப் பதிவும் செய்தார். 1941-ல் பீட்டர் ஷ்லும்போம் என்ற வேதியியலாளர், ஆய்வகப் புனலையும் குடுவையையும் ஒட்டவைத்ததுபோல ‘கெமெக்ஸ்’ என்ற கண்ணாடிச் சாதனத்தை அமெரிக்காவில் உருவாக்கினார். இன்று அதிகம் புழங்குவது ஜப்பானின் ஹரியோ நிறுவனத்தின் ‘வி60’. 60 டிகிரிக் கோணத்தில் சரியும் கூம்பு, உள்ளே சுருள் சுருளாக வரம்புகள், அடியில் ஒரே ஒரு பெரிய ஓட்டை.

இந்த முறையைக் கடைகளில் ‘போர்-ஓவர்’ என்கிறார்கள். இந்த அத்தியாயத்தில் ‘ஊற்றுக் காபி’ என்று வைத்துக்கொள்வோம். காகிதம் கசடை மட்டும் பிடிப்பதில்லை, காபியின் எண்ணெயையும் பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறது. ஊற்றுக் காபி தெளிவாக, தேநீர்போல் இலகுவாக இருப்பது அதனால்தான். பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் குடிப்பதற்கென்றே உருவான காபி இது. இந்தக் கடைசி விஷயம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

ஒரு கோப்பையின் கணக்கு

15 கிராம் தூள், 240 கிராம் தண்ணீர். ஒன்றுக்குப் பதினாறு என்ற இந்த அளவை வைத்துக்கொண்டு ஒரு கோப்பையை முழுதாகக் கணக்கு பார்ப்போம்.

வறுத்த கொட்டையின் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம்தான் தண்ணீரில் கரையும், மீதி பெரும்பாலும் நார். அந்த முப்பதையும் கரைத்துவிட்டால் வாயில் வைக்க முடியாது. பொதுவாகப் புளிப்பும் பழவாசனையும் தரும் பொருள்கள் சீக்கிரம் கரைகின்றன. கடுங்கசப்பும் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பும் தருபவை பின்தங்கி வருகின்றன. எங்கே நிறுத்துவது என்பதுதான் கலை. அமெரிக்க வேதியியலாளர் எர்னஸ்ட் லாக்ஹார்ட் 1950-களில் இதை அளந்து பார்த்து, தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை கரைந்தால் பெரும்பாலோருக்குப் பிடிக்கிறது என்றார். தூளிலிருந்து எத்தனை சதவீதம் தண்ணீருக்குள் வந்தது என்ற இந்த அளவைச் சாறெடுப்பு எனலாம்.

நம் கோப்பையில் சாறெடுப்பு 20 சதவீதம் என்றால், 15 கிராமில் கரைந்தது 3 கிராம். சக்கை தன் எடையைப்போல இரண்டு மடங்கு தண்ணீரை, அதாவது சுமார் 30 கிராமைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கோப்பைக்கு வருவது 210 கிராம் தண்ணீரும் அந்த 3 கிராமும். ஆக, நாம் குடிப்பதில் 98.6 சதவீதம் வெறும் தண்ணீர். மிச்சமிருக்கும் 1.4 சதவீதத்துக்காகத்தான் இத்தனை பாடு.

சிக்கல் அந்த 20 என்ற எண்ணிலேயே ஒளிந்திருக்கிறது. அது சராசரி. கூம்பிலுள்ள தூளில் ஒரு பாதியிலிருந்து 14 சதவீதமும் மறுபாதியிலிருந்து 26 சதவீதமும் கரைந்தாலும் சராசரி 20-தான். அந்தக் கோப்பை சரியாக இருக்காது. போதாமல் கரைந்த பாதி காட்டும் வெடுக்கென்ற புளிப்பும், அளவு மீறிக் கரைந்த பாதி காட்டும் கசப்பும் ஒரே வாயில் வரும். புளிக்கிறதா கசக்கிறதா என்று சொல்லத் தெரியாமல் ‘ஏதோ சரியில்லை’ என்று நாம் கீழே வைக்கும் காபிகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. எவ்வளவு கரைந்தது என்பதோடு எவ்வளவு சீராகக் கரைந்தது என்பதும் கேள்வி.

மணல் படுகையும் காபிப் படுகையும்

கூம்பிலுள்ள ஒவ்வொரு துகளிலும் இரண்டு பயணங்கள் நடக்கின்றன. துகளுக்குள் கரைந்த பொருள் வெளியே கசிந்து வர வேண்டும்; பள்ளிப் புத்தகம் இதை விரவல் என்கிறது. வெளியே வந்ததைத் துகள்களுக்கு இடையே ஓடும் தண்ணீர் அள்ளிக்கொண்டு போக வேண்டும்.

முதல் பயணத்தின் நேரம் துகளின் அளவைப் பொறுத்தது. துகள் பாதியானால், உள்ளிருப்பது வெளியே வர நான்கில் ஒரு பங்கு நேரம் போதும். இரண்டாவது பயணத்தின் விதி பிரான்சிலிருந்து வந்தது. டிஜான் நகரின் குடிநீர்த் திட்டத்தை அமைத்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் படுகை வழியே தண்ணீர் எவ்வளவு வேகமாக வடிகிறது என்பதை அளந்து 1856-ல் வெளியிட்டார். அந்த வழியில் பின்னால் வந்தவர்கள் கண்டது: மணிகள் பாதி அளவானால் ஓட்டம் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறைகிறது. பொடியாக அரைத்தால் கரைவது வேகமாகும், வடிவது மெதுவாகும். இரண்டும் ஒரே பக்கம் இழுப்பதால்தான் அரைவையில் சிறு மாற்றம்கூட ருசியில் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொரு விளைவும் உண்டு. படுகையில் எங்கேனும் கொஞ்சம் இளகலாக இருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் கூடுதலாக ஓடும். ஓட ஓட அந்த வழி இன்னும் அகலும். வரப்பில் நண்டு போட்ட வளையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிறு ஓட்டை விடிவதற்குள் உடைப்பாகி, ஒரு பக்கம் வெள்ளம் ஓட மறுபக்கம் பயிர் காயும். காபித்தூளில் இப்படி நடப்பதை வழிவிழுதல் என்று சொல்லிக்கொள்வோம்.

இப்போது நம் ஃபில்டரைப் பாருங்கள். அமுக்கிய தட்டு தூளை அசையவிடாது. மேலிருந்து எப்படிக் கொட்டினாலும் தண்ணீரின் வேகத்தைத் தட்டு வாங்கிக்கொண்டு, ஓட்டைகள் வழியே பரவலாக இறக்குகிறது. தூள் நைஸ், சிக்கரி வேறு ஊறி இளகி ஓட்டத்தை மந்தமாக்குகிறது. கால் மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும்போது பின்தங்கிய துகள்களுக்கும் கரைய அவகாசம் கிடைக்கிறது. அப்படியும் சில்லறைக் குறைகள் தப்பி வந்தால் பாலும் சர்க்கரையும் அவற்றை மூடிவிடும். (இதைச் சொன்னால் சில வீடுகளில் சண்டை வரும். ஆனால் டிகாஷனை வெறுமனே ஒரு வாய் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.)

கூம்பில் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. தூள் கொரகொரப்பு, மேலே தட்டு கிடையாது, அடியில் பெரிய ஓட்டை, எல்லாம் 3 நிமிடத்தில் முடிந்துவிடும், பால் வந்து காப்பாற்றப் போவதுமில்லை. ஓட்டைத் தட்டு செய்த வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும். ஊற்றும் கையும் அது பிடித்திருக்கும் கெட்டிலும்தான் அதைச் செய்கின்றன.

முதல் 40 நொடி

நம் 15 கிராம் தூளின் மேல் முதலில் 45 கிராம் தண்ணீர் மட்டும். உடனே தூள் உப்பி, நுரைத்து, குமிழி விடும். கொட்டையை வறுக்கும்போது உள்ளே சிக்கிய கரியமில வாயு வெளியேறுகிறது. இதைப் பூத்தல் என்கிறார்கள். வறுத்துச் சில நாளே ஆன தூள் நன்றாகப் பூக்கும்; மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்தது அசையாது. வாயு வெளியேறும் வரை அது தண்ணீரைத் துகளுக்குள் போகவிடாமல் தள்ளுகிறது, குமிழிகள் இடம் பிடித்து வழிவிழவும் செய்கின்றன. அதனால் 40 நொடி காத்திருக்கிறோம். இந்த 45 கிராம் எல்லாத் துகளையும் நனைத்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நடுவில் மட்டும் கொட்டினால் ஓரத்தூள் உலர்ந்தே நிற்கும்.

தாரையின் இயற்பியல்

மிச்சம் 195 கிராம். இதை இரண்டு தடவையாக, தடவைக்கு 20 நொடி வீதம் ஊற்றுவதாக வைத்துக்கொண்டால் நொடிக்கு 5 கிராம் விழ வேண்டும். ஒரு தேக்கரண்டி அளவுதான். அகன்ற வாயுள்ள சாதாரணக் கெட்டிலில் இதைச் செய்துபாருங்கள். தண்ணீர் கீழே விழாது. உதட்டில் ஒட்டி, கெட்டிலின் வயிற்று வழியே வழிந்து மேசையை நனைக்கும். மார்க்கஸ் ரெய்னர் என்ற அறிஞர் 1956-ல் இதற்குத் தேநீர்க்குடுவை விளைவு என்றே பெயர் வைத்தார். இதன் முழுமையான கணிதக் கோட்பாடு வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து 2021-ல்தான் வந்தது. உதட்டின் அடிப்பக்கம் எப்போதும் ஒரு சிறு துளி தொங்குகிறது. ஓட்டத்தின் வேகம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் அந்தத் துளி பெருத்து, முழு ஓட்டத்தையும் உதட்டைச் சுற்றிப் பின்பக்கம் திருப்பிவிடுகிறது.

வழியாமல் இருக்க வேகமாகச் சாய்க்கிறோம். உதடு அகலம் என்பதால் மணிக்கட்டின் சிறு அசைவுக்கே தண்ணீர் வெள்ளமாகக் கொட்டுகிறது, படுகையின் நடுவில் பள்ளம் விழுகிறது. மெதுவாக ஊற்றினால் வழியும், வேகமாக ஊற்றினால் குழியும். இடையில் நமக்குத் தேவையான 5 கிராம் சிக்குவதே இல்லை.

வளைந்த கழுத்து இந்த இக்கட்டிலிருந்து தப்பிக்க ஒரு வழி. அதன் மூக்கு அடிப்பகுதியிலிருந்து கிளம்பி மேலேறி, நுனியில் கீழ்நோக்கி மடிகிறது. குழாய் குறுகல், கெட்டிலைக் கூடக் கொஞ்சம் சாய்த்தாலும் ஓட்டம் கொஞ்சம்தான் கூடும். நுனி கீழ்நோக்கி இருப்பதால் தண்ணீர் பின்பக்கம் திரும்பிப் போக இடமில்லை.

மூக்கின் உள்விட்டம் 8 மில்லிமீட்டர் என்று வைப்போம். நொடிக்கு 5 கிராம் என்றால் நுனியில் தண்ணீரின் வேகம் நொடிக்கு 10 சென்டிமீட்டர்தான். 10 சென்டிமீட்டர் உயரம் விழுந்ததும் அந்த வேகம் நொடிக்கு 1.4 மீட்டராகிவிடுகிறது. வேகம் 14 மடங்கு கூடும்போது தாரை அதற்கேற்ப மெலிய வேண்டும். படுகையைத் தொடும் இடத்தில் அதன் பருமன் 2 மில்லிமீட்டர். உயரத்தை நான்கு மடங்காக்கினால் வேகம் இரண்டு மடங்காகும். ஆக, ஓட்டத்தின் அளவைச் சாய்வால் ஆள்கிறோம், தாக்கும் வேகத்தை உயரத்தால் ஆள்கிறோம். இரண்டும் தனித்தனிக் கைப்பிடிகள். அகன்ற வாய்க் கெட்டிலில் இவை பிரிவதில்லை.

உயரத்துக்கு எல்லை உண்டு. கண்ணாடிக் கோல்போல் அசையாமல் நிற்கும் தாரை வரிச்சீர் ஓட்டத்தில் இருக்கிறது. ஆனால் மெல்லிய தாரை எதையும் பரப்பு இழுவிசை கிள்ளிக் கிள்ளித் துளிகளாக்கப் பார்க்கும். பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோவும் இங்கிலாந்தின் ராலே பிரபுவும் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதை ஆராய்ந்தார்கள். தாரை துளிகளாக உடைந்துவிட்டால் ஒவ்வொரு துளியும் மேற்பரப்பிலேயே சிதறி நின்றுவிடுகிறது, ஆழத்துக்குப் போவதில்லை.

உடையாத தாரை ஆழத்தில் என்ன செய்கிறது என்பதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆர்னால்ட் மதெய்சன் குழு 2025-ல் வெளியிட்டது. காபித்தூள் ஒளியை விடாது என்பதால், கண்ணாடிக் கூம்பில் ஒளி ஊடுருவும் சிலிக்கா மணிகளை நிரப்பி, லேசர் ஒளியில் அதிவேகக் கேமராவால் படம் பிடித்தார்கள். தாரை படுகையைத் துளைத்து மணிகளை மேலே வீசுகிறது; ஓரத்துத் துகள்கள் சரிந்து அந்தப் பள்ளத்துக்குள் விழுகின்றன; மறுபடி வீசப்படுகின்றன. மலைச்சரிவில் நடப்பதுதான், ஒரு கூம்புக்குள். கரண்டி போடாமலே தூள் முழுவதும் கலக்கப்பட்டுவிடுகிறது. உடையாத, பருமனான தாரையை உயரத்திலிருந்து ஊற்றினால், சுமார் 10 சதவீதம் வரை குறைவான தூளிலேயே அதே திடம் கிடைக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு.

சமையலறையில் இதற்குக் கேமரா வேண்டாம், காது போதும். தாரை சத்தமில்லாமல் இறங்கினால் உடையவில்லை. சடசடவென்று கேட்டால் கெட்டிலைத் தாழ்த்துங்கள், அல்லது கொஞ்சம் தாராளமாகச் சாய்த்து ஊற்றுங்கள். தூள் ரொம்ப நைஸாக இருந்தால் உயரத்தை நம்ப வேண்டாம். அதிகம் கலக்கினால் மாவுபோன்ற துகள்கள் காகிதத்தில் அப்பி, தண்ணீர் தேங்கிவிடும். காபிக்கடையில் பீபெரியோ பிளான்டேஷன் ஏ-வோ வாங்கும்போது, சிக்கரி சேர்க்காமல், ரவை பதத்துக்கு அரைத்துத் தரச் சொல்ல வேண்டும். வழக்கமான ஃபில்டர் அரைவையைக் கூம்பில் போட்டால் எந்தக் கெட்டிலும் உதவாது.

டிகிரிக்கு எவ்வளவு மரியாதை?

விலை உயர்ந்த கெட்டில்களில் பணம் பெரும்பாலும் போவது சூட்டை ஒரு டிகிரிக்கு நிறுத்தும் மின்னணுவுக்கு. 90 முதல் 96 டிகிரி வரை என்பது பரவலாகச் சொல்லப்படும் எல்லை. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 87, 90, 93 டிகிரிகளில் காபி இறக்கி, பயிற்சி பெற்ற சுவைஞர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். திடத்தையும் சாறெடுப்பையும் சமமாக்கிவிட்டால், சூட்டின் வித்தியாசம் நாக்குக்கு அநேகமாகத் தெரியவில்லை. 2020-ல் வந்த ஆய்வு இது. சூடு கூடினால் கரைவது வேகமாகும் என்பது உண்மை. ஆனால் அதே திருத்தத்தை அரைவையிலும் செய்துகொள்ளலாம்.

திரை காட்டும் 95 கூம்புக்குள் 95-ஆக இருப்பதுமில்லை. 30 டிகிரியில் இருக்கும் 15 கிராம் தூளில் 95 டிகிரித் தண்ணீர் 45 கிராம் விழுந்தவுடனே கலவை 87 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். கூம்பு கனமான பீங்கான் என்றால் அது தன் பங்குக்கு இன்னும் உறிஞ்சும். முன்கூட்டியே வெந்நீரில் அலசிச் சூடாக்குவது அதற்காகத்தான். மலிவான பிளாஸ்டிக் கூம்பு இந்த விஷயத்தில் பீங்கானை விட உத்தமம். ஊட்டியில் இருப்பவர்களுக்கு டிகிரிக் கவலையே வேண்டாம். கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் ஏற ஏறக் கொதிநிலை ஏறத்தாழ 1 டிகிரி குறைகிறது. 2,240 மீட்டரில் தண்ணீர் கொதிப்பதே 93 டிகிரிக்குள்தான்.

எதை வாங்குவது

டிகிரித் திரை வேண்டாம், மூக்கு வேண்டும் என்றால் இரண்டு வழிகள். மின்சாரமில்லாத, வளைகழுத்துள்ள எவர்சில்வர் கெட்டில் வாங்கி, வேறு பாத்திரத்தில் கொதித்த தண்ணீரை அதில் மாற்றிக்கொள்ளலாம். எடை 400 கிராம் உள்ள கெட்டில் 30 டிகிரியில் இருக்கும்போது அரை லிட்டர் கொதிநீரை ஊற்றினால், கெட்டில் தன்னைச் சூடாக்கிக்கொள்ள 6 டிகிரி எடுத்துக்கொள்ளும். கையில் கிடைப்பது 94 டிகிரி. தேடிய சூடு ஓசியில் வந்துவிடுகிறது. இன்டக்‌ஷன் அடுப்பில் வைப்பதாக இருந்தால் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மின்கெட்டில் என்றால் வாட் எண்ணைக் கவனியுங்கள். நம் வீட்டுச் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு 1,380 வாட் வரைதான் எடுக்கலாம்; 1,500 வாட் கெட்டிலுக்குப் பெரிய பிளக் வேண்டும். 1,000 வாட்டே ஒரு கோப்பைக்குத் தாராளம். 300 மில்லி தண்ணீர் ஒன்றரை நிமிடத்தை ஒட்டிக் கொதித்துவிடும். தானாக அணைவதற்கு இரட்டை உலோகப் பட்டை ஒன்று உள்ளே இருக்கும். பெரும்பாலான சாதாரணக் கெட்டில்களில் நீராவி பட்டதும் அது வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். மூடியைத் திறந்து வைத்தால் ஆவி அதற்குப் போகாது, கெட்டில் கொதித்துக்கொண்டே இருக்கும். போர்வெல் தண்ணீர் ஊர்களில் உள்ளே வெள்ளை உப்பு படியும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரைக் காய்ச்சி ஊறவிட்டால் கரைந்துவிடும்.

கெட்டிலே வாங்க மனமில்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஹரியோ நிறுவனமே கூம்பின் மேல் வைக்க ஓட்டைகள் போட்ட தட்டு ஒன்று விற்கிறது. எந்தக் கெட்டிலிலிருந்து ஊற்றினாலும் தண்ணீரை அது பரவலாக இறக்கிக்கொள்ளும். ஆழக் கலக்கும் தாரை கிடைக்காது. ஆனால் குழி விழாது. நம் ஃபில்டர் தட்டின் ஒன்றுவிட்ட தம்பி.

வாங்குவதென்றே முடிவானால், 600 மில்லிக்கும் ஒரு லிட்டருக்கும் இடைப்பட்டதை எடுங்கள். கடையில் தண்ணீர் நிரப்பிப் பார்க்க அனுமதி கேளுங்கள். முக்கால் பங்கு நிரப்பி, ஒரு தராசின் மேல் பாத்திரம் வைத்து, 20 நொடியில் 100 கிராம் விழும்படி ஊற்றிப் பாருங்கள். மணிக்கட்டு நடுங்காமல், தாரை அறுபடாமல், மூக்கடியில் ஒரு சொட்டும் வழியாமல் அது முடிந்தால் அந்தக் கெட்டிலை வாங்கலாம். முடியாவிட்டால் அடுத்ததை எடுத்துத் தரச் சொல்லுங்கள், அது எத்தனை டிகிரி காட்டினாலும் சரி.